வோக்கர் என்றால் நடக்கிறவன் இல்லை

அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நான் தொலைபேசியில் "உன்ரை கலியாணத்துக்கு வாறன்" என்று சொன்னபோது நீ, "ஏன் அப்பா? என்ன மாறினது?" என்று கேட்டாய். நான் "ஒண்டுமில்லை, வாறன்தானே" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். ஐந்து மாதம் உன்னோடு கதைக்காமல் இருந்த தகப்பன் திடீரென்று வாறன் என்றால், ஏன் என்று கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் வாயால் சொல்ல வெளிக்கிட்டால் நான் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவேன், இல்லையென்றால் கோபப்படுவேன். என்னை உனக்குத் தெரியும். அதனால்தான் சாப்பாட்டு மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். இதை யார் வாசித்தாலும் எனக்குச் சம்மதம். ரொறன்ரோவில் இருக்கும் பெரியத்தைக்கும் ஒரு பிரதி அனுப்பப் போகிறேன்.

பேரில் இருந்துதான் தொடங்க வேண்டும். அன்றைக்கு உன்னோடு சண்டை பிடித்தபோது என் வாயில் முதலில் வந்த சொல் அதுதான். ஊரில் மற்றவர்களுக்குத் தகப்பனுடைய பேர்தான் முதலெழுத்து, தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். எங்கள் வீட்டில் மட்டும் வோக்கர் என்ற ஆங்கிலப் பேர் மாறாமல் வந்தது. என் பாட்டனாருக்கும் பாட்டனார் ஒருவரைச் சின்ன வயதில் மிசன் பாடசாலை விடுதியில் சேர்த்தார்கள். அவருடைய சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் கடலுக்கு அப்பால் இருந்த ஒரு வெள்ளைக்காரர் பொறுப்பேற்றார். பொறுப்பேற்றவரின் பேரையே பிள்ளைக்கு வைப்பது அந்த நாளில் வழக்கமாக இருந்தது. கந்தனோ வேலனோ, என்ன பேரோடு உள்ளே போனாரோ, வெளியே வரும்போது அவர் வோக்கர். பழைய பேர் என்னவென்று இன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த வெள்ளைக்காரரையும் ஒருவரும் கண்டதில்லை. ஆனாலும் அந்தப் பேரை எங்கள் ஆட்கள் பரம்பரைக் காணி மாதிரிக் காத்தார்கள். வீட்டுப் படலையில் பேர்ப் பலகை, கதிரைகளின் முதுகில் முதலெழுத்து, கலியாணம் பேச வருகிறவர்களிடம் "நாங்கள் வோக்கர் ஆக்கள்" என்று ஒரு சொல். மதம் மாறியது, பேர் மாறியது. யாரோடு சம்பந்தம் செய்வது, யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது என்பது மட்டும் மாறவே இல்லை. அதையும் சேர்த்துத்தான் நான் மொன்றியலுக்குக் கொண்டுவந்தேன்.

வந்த புதிதில் அந்தப் பேர் எனக்கு உதவியது என்பதை மறைக்க மாட்டேன். வேலைக்கு விண்ணப்பம் போட்டால் உடனே கூப்பிடுவார்கள். போய்க் கதிரையில் இருந்தால், வெளியே வந்து "மிஸ்டர் வோக்கர்" என்று கூப்பிடுகிறவர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்ப்பார். நான்தான் என்று எழும்பினால் அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நிற்கும். அப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு தொலைபேசிப் புத்தகம் இருந்தது. ஒருநாள் அதில் எங்கள் பேரைத் தேடினேன். பத்தி பத்தியாக வோக்கர். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. ஆங்கிலேயர் போன இடமெல்லாம் அந்தப் பேரும் போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த லோன்றியிலேயே இன்னொரு வோக்கர் இருந்தார். லொறி ஓட்டுகிற ஜமேக்காக்காரர். முதல் நாளே என் பேரைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்களை விலைக்கு வாங்கினவன்ரை பேர் இது. உங்களுக்கு ஆர் தந்தது?" என்று கேட்டார். நான் மிசன் கதையைச் சொன்னேன். "அப்ப ரெண்டு பேரும் இரவல் வோக்கர்தான்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய பேர் இரவல்தான், எங்களுடையது அப்படியல்ல என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பேரின் அர்த்தத்தை யாராவது கேட்டால் "நடக்கிறவன்" என்பேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

லோன்றி என்று எழுதுகிறேன். உன் சிறு வயதில் அந்தச் சொல் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளையும் தாதிமாரின் உடுப்புகளையும் தோய்த்து மடிக்கிற தொழிற்சாலை அது. இருபத்திரண்டு வருடம் அங்கே நின்றேன். ஊருக்கும் ரொறன்ரோவுக்கும் "ஆஸ்பத்திரியிலை வேலை" என்று சொல்லி வைத்திருந்தேன். உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, சபையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஒரு அன்ரி "அப்பா என்ன டொக்டரோ?" என்று கேட்டா. நீ பெருமையாக, "இல்லை, அப்பா துணி தோய்க்கிறவர். பெரிய பெரிய மெசினிலை" என்று சொன்னாய். மேசைக்குக் கீழே உன் தொடையில் கிள்ளினேன். கண் கலங்கி என்னைப் பார்த்தாய், ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன். ஊரில் மற்றவர்களின் துணியைத் தோய்ப்பதற்கென்று ஒரு சாதியை ஒதுக்கி வைத்திருந்தோம். அந்த வேலையை நான் செய்கிறேன் என்று நாலு பேர் அறிந்தால் நானும் அவர்களில் ஒருவன் ஆகிவிடுவேன் என்று பயந்தேன். ஒரு உண்மையைச் சொன்னதற்காக உன்னைக் கிள்ளினேன்.

அந்த லோன்றியில்தான் தங்கராசா எனக்குப் பக்கத்தில் நின்றார். பதினொரு வருடம், ஒரே இயந்திரத்தின் இரண்டு பக்கமும். ஈர விரிப்பின் ஒரு நுனியை அவர் பிடிப்பார், மறு நுனியை நான் பிடிப்பேன். இழுத்து, உதறி, உருளைக்குள் விடுவோம். என் ஊருக்கு அடுத்த ஊர்தான் அவருக்கு. முதல் கிழமையிலேயே அவர் எந்தக் குடும்பம் என்று விசாரித்து அறிந்துகொண்டேன். நீ நினைப்பது சரி, அவருடைய தகப்பன் துணி வெளுத்தவர். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஆனால் அவர் என்னை "நீங்கள்" என்றார், நான் அவரை ஒரு படி குறைத்து "நீர்" என்றேன். ஒருவரும் அப்படிப் பேசச் சொல்லவில்லை. மொன்றியலில் ஒரு இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு இரண்டு பேரும் ஊரை நடத்திக்கொண்டிருந்தோம். அவருடைய மனைவி கட்டிக் கொடுக்கிற புட்டையும் மீன்குழம்பையும் தினமும் என் பக்கம் நீட்டுவார். "வயித்திலை அல்சர்" என்று சொல்லித் தப்புவேன். எனக்கு அல்சர் இருந்ததே இல்லை.

நீ பிறந்த நாளின் கதையை அம்மா உனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறா. அதில் ஒரு ஆளை நான் விடச் சொல்லியிருந்தேன். பனிப்புயல் அடித்த காலை அது. அம்மா லோன்றிக்குத் தொலைபேசி எடுத்து, வலி தொடங்கிவிட்டது, எந்த ராக்ஸியும் வரமாட்டாதாம் என்று அழுதா. நான் கையும் காலும் ஓடாமல் நின்றேன். தங்கராசா மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் பழைய காரில் ஏற்றினார். பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் அப்போது நாங்கள் மேல்மாடியில் இருந்தோம். வெளிப்படிக்கட்டு முழுக்கக் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி. உப்புப் போட்டு உருகும்வரை பார்த்திருக்க நேரமில்லை. அவர் தன் குளிர்க்கோட்டைக் கழற்றி, மேல்படியில் விரித்தார். அம்மா அதில் கால் வைத்ததும் அடுத்த படிக்கு இழுத்து விரித்தார். அப்படியே ஒவ்வொரு படியாக, வெறும் சட்டையோடு, பின்பக்கமாக இறங்கினார். அம்மா வழுக்காமல் கீழே வந்து சேர்ந்தா. ஒன்றரை மணித்தியாலம் கழித்து ஆஸ்பத்திரியில் நீ பிறந்தாய்.

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஊரில் எங்கள் வீடுகளில் கலியாணம் என்றால், மாப்பிள்ளை பொம்பிளை நடந்து வரத் துணி விரிப்பது அந்தக் குடும்பங்களுக்கு நாங்கள் விதித்த வேலை. நிலபாவாடை என்பார்கள். அன்றைக்கு அந்த மனிதர் பனியில் கோட்டை விரித்தபோது, என் மனதின் ஒரு மூலை அதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. செய்ய வேண்டியவர் செய்தார் என்று. நன்றி சொன்னேன், சொல்லவில்லை என்று இல்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து உனக்கு ஞானஸ்நானம் கொடுத்து விருந்து வைத்தபோது, மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன், ஜமேக்கா வோக்கரைக் கூப்பிட்டேன், தங்கராசாவைக் கூப்பிடவில்லை. சபை ஆட்கள் வருவார்கள், ஊர் ஆட்கள் வருவார்கள், பந்தியில் அவரை எங்கே இருத்துவது என்று யோசித்தேன். அம்மா கேட்டா. "அவருக்கு அண்டைக்கு வேலை" என்று பொய் சொன்னேன். திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது அவர் ஒரு சின்னப் பொட்டலத்தைத் தந்தார். "பிள்ளைக்கு. மனுசி பின்னினவ" என்றார். கம்பளித் தொப்பி. விரிப்பின் நுனியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். கொஞ்ச வருடத்தில் அவர் துறைமுகத்தில் லொறி ஓட்டப் போய்விட்டார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் வீடு வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு தொடர்பு இல்லை.

அதனால்தான் போன ஒக்ரோபரில் ஜான்-டலோன் சந்தையில், தக்காளிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நீ கலியாணம் செய்யப்போகிறவள் என்று "நிருபா" என்ற பேரைச் சொல்லி, நான் "ஆற்றை பிள்ளை?" என்று கேட்டு, "தங்கராசா அங்கிளின்ரை. உங்களோடை வேலை செய்தவராம்" என்று நீ சிரித்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உனக்கு அது நல்ல செய்தி. இரண்டு தகப்பன்மாரும் ஏற்கனவே கூட்டாளிகள் என்று நினைத்திருந்தாய். நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "வோக்கர் வீட்டுக்கு அது சரிவராது."

"எது சரிவராது?" என்று கேட்டாய். உண்மையிலேயே உனக்கு விளங்கவில்லை. இந்த நாட்டில் பிறந்த உனக்கு, முப்பது வயதில், பூசணிக்காய்களுக்கு நடுவில் நின்று சாதி என்றால் என்னவென்று நான் விளக்கினேன். எந்தத் தகப்பனும் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாத சீதனம் அது. நீ பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அவளின்ரை அப்பா உங்களைப் பற்றி நல்லாத்தான் சொன்னவர்" என்று மட்டும் சொல்லிவிட்டு மெற்றோப் பக்கம் நடந்தாய். அம்மா அன்றைக்கே சொன்னா, "நீங்கள் போகாட்டி நான் தனியப் போவன்" என்று. மாதத்துக்கு இரண்டு முறை உங்களை வந்து பார்த்ததும் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

மாசி மாதம் பெரியத்தை தொலைபேசி எடுத்தா. கோடையில் குடும்பம் எல்லாம் ஒன்றுகூடப் போகிறோம், வோக்கர் பரம்பரையின் வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாக நீ எழுது, பிள்ளைகள் கண்டபடி போகாமல் இருக்க அது உதவும் என்றா. கண்டபடி என்றது உன்னைத்தான். நானும் உற்சாகமாக நூலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பிள்ளை "பொன்ஜூர்" என்று சொல்லி, ஆங்கிலக் குடும்பப் பேர்களின் அகராதி ஒன்றை, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பாரம், எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தது. ஏதோ தளபதி, ஏதோ நிலக்கிழார் என்று இருக்கும் என்று நினைத்துத்தான் பக்கத்தைப் புரட்டினேன்.

வோக்கர் என்றால் நடக்கிறவன் இல்லை. துணி மிதிக்கிறவன். பழைய இங்கிலாந்தில், தறியில் இருந்து வந்த கம்பளித் துணி முரடாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்குமாம். அதைத் தொட்டியில் போட்டு, களிமண்ணும் புளித்த மூத்திரமும் கலந்த தண்ணீர் விட்டு, ஆட்கள் வெறுங்காலால் நாள் முழுக்க மிதிப்பார்களாம். அழுக்குப் போகும், துணி தடிக்கும். அந்த வேலைக்கு வடக்கில் வோக்கர் என்று பேர். தெற்கில் அதே ஆட்களை ஃபுல்லர் என்றார்கள், மேற்கில் டக்கர் என்றார்கள். ஒரே தொழில், மூன்று பேர். எந்த ஊரிலும் துணிக்கு இந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள், அதனால்தான் இந்தப் பேர் இவ்வளவு பரவியது என்று போட்டிருந்தது. இரண்டு முறை வாசித்தேன். நூலகப் பிள்ளை வந்து, தேடியது கிடைத்ததா என்று பிரெஞ்சில் கேட்டது. "மெர்சி, கிடைச்சது" என்று பாதி தமிழில் சொன்னேன்.

அந்த அகராதி என்னைத் திருத்திவிட்டது என்று நினைக்காதே. முதலில் எனக்கு வந்தது கோபம்தான், யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி. பிறகு, வீட்டுக்கு நடந்து வரும்போது, பரவாயில்லை, நாங்களும் அவர்களும் ஒன்றுதான், இனிக் கலியாணத்துக்குச் சம்மதிக்கலாம் என்று ஒரு சுலபமான எண்ணம் வந்தது. அதுவும் பிழை என்று இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் உறைத்தது. அந்தப் புத்தகத்தில் வோக்கர் என்றால் பிரபு என்று போட்டிருந்தால் நான் செய்தது சரியாகியிருக்குமா? முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரனின் முன்னோர் என்ன தொழில் செய்தார்கள் என்பதை வைத்துத்தான் தங்கராசா மனிதரா இல்லையா என்று நான் முடிவுகட்டப் போகிறேனா? பேரை அகராதியில் தேடலாம். பதினொரு வருடம் எனக்கு எதிரே நின்றவரைத் தேட அகராதி எதற்கு? நான் அவரைக் கண்ணால் பார்த்தே இருக்கவில்லை. அன்று வழியில் ஒரு கடை வாசலில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். அம்மாவுக்கும் இதை நான் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை மெற்றோவும் இரண்டு பஸ்ஸும் எடுத்து அவருடைய வீட்டுக்குப் போனேன். பின்னேரம் இரண்டு மணி. கார்ப் பாதையில் நின்று இரும்புக் கம்பியால் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, "வோக்கர்," என்றார். "வாரும்."

முன்பு ஒருநாளும் அவர் என்னை "வாருங்கோ" என்பதற்குக் குறைத்துக் கூப்பிட்டதில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

"பிள்ளையளின்ரை கலியாணத்தை நிப்பாட்ட வந்தனீரோ?"

"இல்லை. மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"எதுக்கு?" என்றார், கம்பியை நிறுத்தாமல்.

பஸ்ஸில் வரும்போது எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான். "மகன்ரை ஞானஸ்நானத்துக்கு."

கம்பி நின்றது. "அது முப்பது வருசத்துக்கு மேலை."

"ஓம்."

"அந்தத் தொப்பியைப் பின்னேக்கை மனுசி சொன்னவ, கட்டாயம் கூப்பிடுவினம், வெறுங்கையோடை போகக்கூடாது எண்டு. கூப்பிடேல்லை எண்டு அவவுக்குச் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது. நீர் செய்த வேலைக்கு நான் ஏனப்பா வெக்கப்பட்டனான்? அதைத்தான் இண்டைக்கும் என்னாலை மறக்கேலாமல் கிடக்கு."

அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, "குளிருது, உள்ளுக்கை வாரும்" என்றார். அவருடைய மனைவி தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்தா. நான் கோப்பையைக் கையில் எடுக்க, தங்கராசா என்னைப் பார்த்து, "உம்மடை அல்சருக்குத் தேத்தண்ணி ஆகுமோ?" என்றார். அவருக்கு அந்த நாளிலேயே தெரியும், மகன். பதினொரு வருடமும் தெரிந்துகொண்டுதான் சாப்பாட்டுப் பெட்டியை நீட்டியிருக்கிறார். குடித்தேன். இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அகராதியில் கண்டதையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "என்ரை அப்பா துணி தோய்ச்சவர். நல்லாத் தோய்ச்சவர். அதிலை ஒரு குறையும் இல்லை. உம்மடை பேரிலையும் குறையில்லை" என்றார். வெளிக்கிடும்போது வாசல்வரை வந்தார். "நான் மன்னிச்சுப்போட்டன் எண்டு சொல்லமாட்டன். பாப்பம். ஆனால் நிருபாட்டையும் நீர் சொல்லவேணும். அவளுக்குத்தான் இனி உங்கடை வீடு. நான் ஒண்டும் சொல்லமாட்டன், நீராய்ச் சொல்லும்." சரி என்றேன். அடுத்த நாள் உனக்குத் தொலைபேசி எடுத்தேன். வாறன் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

உங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கும்போது என்ன பேர் வைப்பது என்று அம்மாவிடம் கேட்டாயாம். இங்கத்தைய சட்டப்படி நிருபா பிறந்த பேரோடுதான் இருப்பாள், பிள்ளைக்கு இருவரில் எவருடைய பேரும் வரலாம் என்று அம்மா சொன்னா. என் எண்ணத்தைக் கேட்டால் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் எழுதிவிடுகிறேன். உலகத்தில் வோக்கர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பேரைத் தந்தவரை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. தங்கராசாவை எனக்குத் தெரியும். மற்றது உங்கள் விருப்பம். பெரியத்தைக்கு எழுத வேண்டிய வரலாற்றையும் எழுதுவேன், துணி மிதித்த ஆட்களில் இருந்து தொடங்கி, பனியில் குளிர்க்கோட்டை விரித்த ஆளையும் சேர்த்து.

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நீ பாதியில் விட்டதற்கும் என் சோம்பல்தான் காரணம். அதனால் இவ்வளவையும் நிருபாதான் உனக்கு வாசித்துக்கொண்டிருப்பாள். அது தெரிந்துதான் எழுதினேன். இனி வருவது அவளுக்கு.

நிருபா, உன்னைக் காணாமலே உன்னை வேண்டாம் என்று சொன்னவன் நான். உன் அப்பாவின் கையால் உதவி வாங்கிக்கொண்டு உன் அப்பாவை வாசலுக்கு வெளியே நிறுத்தியவனும் நான்தான். அதற்கு வயது காரணமில்லை, ஊர் காரணமில்லை. செய்தது நான். மன்னித்துக்கொள், பிள்ளை. உடனே வேண்டாம், முடிந்தபோது. கலியாணத்தன்று எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பேன், கடைசி வரிசை என்றாலும் சரி. என்னை மாமா என்று கூப்பிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நீ கூப்பிட்டால், ஓம் என்பேன்.

அப்பா